உப்புப் பார்க்கும் கை

கல்யாணச் சமையலில், இறக்குவதற்கு முன் சாம்பாரை உள்ளங்கையில் ஊற்றி உப்புப் பார்ப்பது தலைமைச் சமையல்காரரின் உரிமை. பரமேஸ்வரன் அண்ணாச்சியும் அப்படித்தான் பார்ப்பார். ஆனால், ஒரு காய்ச்சலுக்குப் பின் அவருடைய நாக்கில் ருசி என்பதே இல்லை. இது வெளியே தெரிந்தால், அந்த வட்டாரத்தில் யாரும் அவரை அழைக்கமாட்டார்கள். அறிந்தவள், அவரிடம் வேலை செய்யும் தங்கபுஷ்பம் ஒருத்தியே. அவள் முன்னதாகவே ருசி பார்த்துவிட்டு எதிரில் நிற்பாள். கண்ணை மூடித் திறந்தால் சரி. மூக்கைத் தேய்த்தால் உப்புப் போதாது. அதைப் பார்த்து அவர் தீர்ப்புச் சொல்வார்.

அன்று, பந்தி தொடங்குவதற்கு முன், அவள் அவரைத் தனியே அழைத்தாள்.

“அண்ணாச்சி, நான் வேற எடத்துல வேல தேடுதேன்.”

“கெடச்சிட்டா?”

“இன்னும் இல்ல.”

“கெடைக்காமயே மொதலாளிட்ட சொல்லுதியே, ஒனக்கென்ன கிறுக்கா? இப்பமே போன்னு சொன்னா என்னட்டி செய்வ?”

“போயிருவேன். என் கைக்கு எங்கயும் அடுப்பு உண்டு. கெடச்ச பெறவு சொன்னா, வேற ஆளப் பழக்க ஒங்களுக்குத்தான் நாள் இருக்காது.”

அவர் அண்டாவின் அருகே சென்று, சாம்பாரைக் கரண்டியில் மொண்டார். தங்கபுஷ்பம் வழக்கம்போல் எதிரில் வந்து நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தம் கையில் ஊற்றிக்கொள்ளவும் இல்லை.

“ஏட்டி மாடத்தி,” என்று, காய் நறுக்கிக்கொண்டிருந்தவளை எல்லோருக்கும் கேட்கும்படி அழைத்தார். “இங்க வந்து கைய நீட்டு. உப்பு இருக்கான்னு நீ சொல்லு.”