எலுமிச்சம்பழம் உருண்ட பக்கம்

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு செண்பகவல்லி சைக்கிளில் மேடு ஏறக் கூடாது. மேடே இல்லாத வழியில் நகரத்தைத் தாண்டிவிட, தோழி ஜெசிந்தா ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு சைக்கிளில் வந்தாள். முச்சந்திதோறும் ரோட்டில் ஒரு பழத்தை வைத்தார்கள். அது உருண்ட பக்கமே இருவரும் சைக்கிளை மிதித்தார்கள். எதையும் திரும்ப எடுக்கவில்லை. பதினோராவது பழம் அசையவே இல்லை. எதிரே சமதளமாக வயல்வெளி.

"வந்துட்டோம்டி!" என்று கத்தினாள் செண்பகவல்லி.

பின்னால் ஒரு ஹாரன்கூட இல்லை. திரும்பிப் பார்த்தார்கள். பத்தாவது பழத்துக்கு அந்தப் பக்கம் பஸ்ஸும் லாரியும் ஆட்டோவும் அப்படியே நின்றிருந்தன.

"யாரோ கழிப்புக் கழிச்சுப் போட்டிருக்காங்க, ஏத்திடாதீங்கண்ணே!" என்று கண்டக்டர் அலறினார்.

ஜெசிந்தா பையைக் குலுக்கினாள். "இன்னும் நாலு இருக்கு."

இத்தனை வருஷம் ஓரமாகவே ஓட்டிய செண்பகவல்லி, சைக்கிளை நடு ரோட்டுக்குத் திருப்பினாள்.