மூவிரல் கோட்பாடு

உலகப் பொறியியல் வரலாறு இன்றோடு இரண்டாகப் பிரிகிறது என்று பேராசிரியர் மனோகரன் காலை ஒன்பது மணிக்கே அறிவித்துவிட்டார். பூந்தமல்லியை ஒட்டிய அந்தக் கல்லூரியின் ரோபோ போட்டி அரங்கில் அப்போது நாற்காலி போடுகிறவர்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

வரலாற்றைப் பிரிக்கப்போகும் ரோபோ மேசைமேல் இருந்தது. இரும்புத் தகட்டை ஒரே அடியில் வெட்டும் பிரஸ் மெஷினுக்குள் தகடு வைத்து எடுக்கிற இயந்திரக் கை. அவருடைய மாணவி அருள்மொழி எட்டு மாதம் உட்கார்ந்து செய்தது. அதற்கு மூன்றே விரல்.

அந்த மூன்றுதான் மனோகரனை வாட்டிக்கொண்டிருந்தது. "இன்னும் ரெண்டு வெச்சா என்னம்மா?" என்று எத்தனையோ தடவை கேட்டும் அவள் மசியவில்லை. "மூணுலயே வேல ஆவுது சார்" என்பாள். கடைசியில் அவரே அதற்கு 'மூவிரல் கோட்பாடு' என்று பெயர் வைத்து, நாற்பது பக்க அறிக்கை எழுதி, தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டார்.

"ஜெயிச்சா திருமழிசை கம்பெனிங்கள்ல மாட்டுவோம்னு சொல்லிக்கீறாங்கல்ல சார்," என்றாள் அருள்மொழி. "அங்க எங்கப்பா ஓட்ற பிரஸ் மெஷின்ல மொதல்ல மாட்டச் சொல்லுங்க சார்."

"ஜெர்மனி வரைக்கும் போகப்போற விஷயம்மா இது." எவ்வளவு சின்ன ஆசை என்று மனோகரனுக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது.

பெட்டி மடிப்புக் கலையாத சட்டையில் அவள் அப்பா தங்கவேல் ஓரமாக நின்றிருந்தார். மனோகரன் பெருந்தன்மையோடு தானே போய் ஒரு டீயை நீட்டினார். தங்கவேல் பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்த வலது கையை எடுக்காமலே, இடது கையால் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப டேங்க்ஸ் சார். பொண்ணு எதுனா தொந்தரவு குட்த்துச்சா?"

ஒருவர் கொடுத்தால் எந்தக் கையால் வாங்குவது என்றுகூடத் தெரியாத ஜனம். மனோகரன் பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தார்.

பக்கத்து மேசைக் கல்லூரிப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான். "இன்னா சிஸ்டர், மீதி ரெண்டு வெரல ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?"

அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள். அருள்மொழி தலை நிமிராமல் ஸ்க்ரூ முடுக்கினாள். தங்கவேல் டீயோடு சன்னல் பக்கம் போய்விட்டார்.

பதினோரு மணிக்கு நடுவர் ராஜகுமாரி வந்தார். இயந்திரக் கை தகட்டை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. ஐம்பது தகட்டில் ஒன்றுகூட நழுவவில்லை.

"நல்லா இருக்கே. ஏன் மூணு விரல்?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல மனோகரன் முன்னால் வந்தார். "மேடம், அஞ்சு விரல்ங்கிறது இயற்கை செஞ்ச ஆடம்பரம். மோதிர விரலும் சுண்டு விரலும் மனிதகுலத்துக்குத் தேவையே இல்லை. அதைத் துணிஞ்சு நீக்கினதுதான் எங்க கோட்பாடு." மேலும் பத்து நிமிடம் போனது.

ராஜகுமாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு அருள்மொழியிடம் திரும்பினார். "செஞ்சது நீதானம்மா. நீ சொல்லு."

அவள் சன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"எங்கப்பா கையப் பாத்துதான் மேடம் அளவெடுத்தேன். அதுல அவ்ளோதான் மிச்சம்."