குதிகால்

மானகிரிப் பக்கம் ஹோட்டலாகிவிட்ட அந்தச் செட்டிநாட்டு வீட்டில் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். மேனேஜர் கோபிநாத்தும் வெறுங்காலோடுதான் நடப்பார். வரவேற்பில் நிற்கும் சந்திரலேகாவுக்கு மட்டும் கோட்டும் ஹை ஹீல்ஸும்.

அன்று அவள் காலில் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்தது.

"சார், இன்னைக்கு மட்டும் கழட்டிக்கிறேன்."

"ஹீல்ஸ் போட்டாத்தாம்மா கம்பீரம். முடியலைன்னா வேலையை விட்டு நின்னுக்க. இந்த வேலைக்கு எத்தனையோ புள்ளைக காத்துக்கெடக்குதுக."

அவளுக்குக் காதுவரை சூடேறியது. ஹீல்ஸ் இரண்டையும் கழற்றி, வாசலில் விருந்தினர் செருப்புகளுக்கு நடுவே வீசிவிட்டு வந்தாள். போனால் போகட்டும் வேலை. குளிர்ந்த தரையில் பாதத்தை அழுத்தி நின்றாள்.

திட்டுவதற்காகக் கோபிநாத் எழுந்து வந்தார். அவர் அடி வைக்க வைக்க டக், டக் என்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தார். அவருடைய வெறும் குதிகால்கள் இரண்டும் தரைக்கு நாலு விரற்கடை மேலே நின்றன. அடியில் ஒன்றுமில்லை. அமுக்கினார், இறங்கவில்லை. முகம் வெளிறித் தூணைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே கார் வந்து நின்றது.

"சிரிங்க சார், கெஸ்ட் வாராக" என்றாள் சந்திரலேகா.

காலை மணி ஒன்பதுதான் ஆகியிருந்தது.