இந்தத் தடவை யார் முறை?

மரியம்மாள் இந்தக் கூட்டத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

தொட்டிக்கு வாசல் தெற்குப் பார்த்து வருகிறதாம். வாஸ்து சரியில்லையாம்.

பூவராகவன் பேனாவைக் கீழே வைத்தான். "ஏம்மா, ஞாயித்துக்கிழமை ஆனா சர்ச்சுக்குப் போறவங்க நீங்க. உங்களுக்கு எதுக்கு வாஸ்து?"

"நான் போறேன் சார். தொட்டி போவுதா?"

சங்கக் கட்டடமே சிரித்தது. பூவராகவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் நிலைமை அப்படி.

விஷயம் என்னவோ சுலபமானதுதான். சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர் சங்கத்துக்கு ஒரு சாயப்பட்டறை இருக்கிறது. அதன் கழிவுத் தண்ணீர் பின்னால், மரியம்மாள் குடியிருக்கும் தெருவில் இறங்குகிறது. அங்கே போர்வெல் போட்டால் ஒருநாள் மாம்பழ மஞ்சள், ஒருநாள் கத்தரிப்பூ நிறம். சென்னைக் கம்பெனி ஒன்று வந்தது. அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்து பட்டறைக்கே திருப்பி அனுப்பும் தொட்டியைக் கட்டித் தருகிறோம், பதிலுக்குச் சங்கத்துச் சேலையைப் 'பசுமைப் பட்டு' என்று முத்திரை குத்தி விற்றுக்கொள்கிறோம் என்றது. கம்பெனி, சங்கம், தெரு சார்பில் மரியம்மாள், இவர்களைச் சேர்த்துவைக்கப் பூவராகவன் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம். நாலு பேர் கையெழுத்துப் போட்டால் மறுநாளே கடப்பாரை விழும்.

விழவில்லை. தறி ஓடாத நாள் அமாவாசைதான் என்பதால் அமாவாசைக்கு அமாவாசை கூட்டம். கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை. மோட்டார் சத்தத்தில் குழந்தைகள் தூங்காது என்று ஒருமுறை மரியம்மாள் எழுந்து போனாள். முத்திரையில் சங்கத்தின் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று அடுத்த முறை தலைவர் மாணிக்கவாசகம் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனார். இத்தனைக்கும், பேச்சு நடக்கிறவரை நல்லெண்ணத்துக்காகத் தெருவுக்குத் தினம் ஒரு லாரி நல்ல தண்ணீர் அனுப்புகிறது கம்பெனி. அந்த நன்றிகூடக் கிடையாது.

காலையிலேயே கம்பெனியின் மஹாலட்சுமி மேடம் போனில் சொல்லிவிட்டாள். "உங்களை வெச்சிருக்கறதே டென்ஷனை மேனேஜ் பண்ணத்தான் பூவராகவன். இன்னிக்கு முடியலைனா நாளைலேர்ந்து வேற ஒருத்தர் மேனேஜ் பண்ணுவாங்க."

அதனால் அவன் வரைபடத்தை எடுத்தான். வாசலை அடித்தான். கிழக்கே ஒரு வாசல் போட்டான். "போதுமாம்மா?"

மரியம்மாள் மெதுவாகப் பேனாவை எடுத்தாள். எதிரே மாணிக்கவாசகத்தைப் பார்த்தாள்.

"இரும்மா," என்றார் அவர். "கிழக்கால எங்க சங்கத்து பாத்ரூம் இருக்குது. அது எங்க போவும்?"

அரைமணி நேரம் பாத்ரூம் சண்டை நடந்தது. இடிக்கலாம் என்றாள் அவள். தொட்டுப் பார் என்றார் அவர். கடைசியில் அவர் முன்வாசல் வழியாகவும் அவள் பின்வாசல் வழியாகவும் வெளியேறினார்கள். பேனா மட்டும் மேஜைமேல் கிடந்தது.

காலில் விழுந்தாவது கேட்டுப் பார்க்கலாம் என்று பூவராகவன் முனை டீக்கடைக்கு ஓடினான். அங்கே ஒரே பெஞ்சில் இரண்டு பேரும். நடுவில் ஒரு தட்டு போண்டா.

"பாத்ரூம் நல்லா வந்துச்சு தலைவரே. கையில பேனா வந்ததும் எனக்கு பக்குனு ஆயிடுச்சு."

"வாஸ்துவை எடுத்ததே தப்பும்மா. ஒரு கோடு போட்டு முடிச்சிட்டான் பாரு. அடுத்த வாட்டி உன் முறை, கொஞ்சம் பெருசா யோசி."

பூவராகவன் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றான். "எனக்கு வேலை போவுது. உங்களுக்கு இது விளையாட்டா இருக்குதா?"

இரண்டு பேரும் பதறவில்லை. மரியம்மாள் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

"மொத கூட்டத்துலயே உங்களக் கேட்டேனே சார். கையெழுத்துப் போட்டப்புறமும் லாரி வருமான்னு."

கேட்டிருந்தாள். அதான் தொட்டியே வருதே, அப்புறம் எதுக்கும்மா லாரி என்று சிரித்துவிட்டு அவன் அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

"தொட்டி கட்டி முடிக்க ஒண்ணரை வருஷம்னு நீங்களே சொல்றீங்க. அதுவரைக்கும் எங்க புள்ளைங்க கத்தரிப்பூ தண்ணிய குடிக்கணுமா? உங்க மேடத்துக்கும் போன் போட்டுப் பாத்துட்டேன். லாரி வர்றது பேச்சுவார்த்தை பட்ஜெட்டாம். பேச்சு முடிஞ்சா லாரியும் முடிஞ்சுதாம்."

"சரி, இவங்க பண்றாங்க. உங்களுக்கு என்ன சார்?" என்று தலைவரிடம் திரும்பினான்.

மாணிக்கவாசகம் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அங்க போய் இறங்கறது எம் பட்டறைத் தண்ணிப்பா. நான் ஒரு சண்டையாவது போட வேணாமா?" அப்புறம் அவராகவே சிரித்தார். "கோர்வைச் சேலை நெய்யறப்ப ஊடை நூல இழுத்துக்கிட்டு உடம்புக்கு ஒரு நாடா ஓடும், கரைக்கு ஒரு நாடா ஓடும். ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடணும். ரெண்டும் நின்னுட்டா தறி நின்னுபோவும். அவ சண்டைய நிறுத்தினா நான் போடறேன். அவ்ளோதான்."

பூவராகவன் போண்டாவை எடுக்கவில்லை. உட்காரவும் இல்லை.

செல்போன் அடித்தது. மஹாலட்சுமி மேடம்.

"என்ன பூவராகவன், இன்னிக்கும் இழுபறியா? சங்கமா, தெருவா? இந்தத் தடவை யாருதான் கையெழுத்துப் போட மாட்டேங்கறது?"

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"நான்தான் மேடம்."