வலியில் பாதி சம்பந்திக்கு

கால் ரத்தக்குழாய் அடைப்புக்கு நடைதான் மருந்து. மாதக்கணக்கில் பழகியும் வெள்ளியங்கிரி முந்நூறு மீட்டரில் கெண்டைக்கால் வலித்து நின்றுவிடுவார். இன்று ஐந்நூறு மீட்டர் நிற்காமல் நடந்துவிட்டால் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வலியில் பாதியை இன்னொருவருக்கு அனுப்பும் பட்டை ஜோடி வந்ததிலிருந்து, ஒன்றை அவர் கட்டிக்கொள்ள, மற்றொன்றை வீட்டில் முறை வைத்துக் காலில் கட்டிக்கொண்டார்கள். இன்றைய முறை மகனின் மாமனார் சென்னியப்பனுக்கு. வெள்ளியங்கிரி பூங்காவில் நடக்க, சென்னியப்பன் வீட்டு சோபாவில் இருந்தபடி போனில் கத்தினார்.

"ஏனுங் சம்பந்தி, காலா இது? கரும்பு மிசின்ல குடுத்தாப்ல இருக்குதுங்!"

"பொண்ணக் குடுத்தீங்கல்ல, இதையும் வாங்கிக்கோங்!"

முந்நூறு மீட்டரில் வலி திடீரென்று ஏறியது. போனில் சத்தமே இல்லை. 'பாதியே இப்படி என்றால், மறுபாதியை அந்த மனுஷன் முனகாமல் தாங்குகிறாரே! நான் நின்றால் மானம் போய்விடுமே!' வெள்ளியங்கிரி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். ஐந்நூறு மீட்டர் பலகையைத் தொட்ட பிறகுதான் நின்றார்.

"சம்பந்தி, முடிச்சுட்டேனுங்! ரொம்ப வலிச்சுதுங்களா?"

"அட, மன்னிச்சுக்கோங். பட்டையைக் கழட்டி வச்சுட்டுக் குளிக்கப் போயிட்டேன். இப்பத்தான் தலை துவட்டறேன்."

அத்தனை வலியையும் தனியாகத் தாங்கி வந்த கால்களை வெள்ளியங்கிரி குனிந்து பார்த்தார். சிரிப்பு பொங்கியது.

"நாளைக்கும் இதே நேரத்துக்குக் குளிங்க, சம்பந்தி!"