கடைசி வரிசை

“இதுவும் பொய், அதுவும் பொய். ‘இதுன்னா அது’ன்னு சேத்தா மட்டும் உண்மையாம். இது எந்த ஊர் நியாயம்?” உண்மை அட்டவணையின் கடைசி வரிசையில் முட்டிக்கொண்ட ஜொய்சி பேனாவை மேசையில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஹட்டன் கடைவீதியில், மஃறூப் நானாவின் துணிக்கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. அவருடைய மகள் அஃப்னாவும் ஜொய்சியும் ஒன்றாகத்தான் வெளிவாரிப் பட்டப்படிப்பில் சேர்ந்தார்கள். குறியீட்டு அளவையியல் என்ற தர்க்கப் பாடத்தை அஃப்னா முதல் தடவையே தாண்டிவிட்டாள். ஜொய்சியை அது இரண்டு தடவை கவிழ்த்துவிட்டது. இன்று பிற்பகல் பரீட்சையிலும் கோட்டை விட்டால் பதிவே ரத்தாகிவிடும். அப்புறம் பட்டமாவது ஒன்றாவது.

“ஒரு வாக்குன்னு நெனச்சுப் பாரு,” என்றாள் அஃப்னா. “‘மழை பெஞ்சா குடை கொண்டாறேன்’னு வாப்பா சொல்றாரு. மழையும் பெய்யல, குடையும் வரல. வாப்பா பொய் சொன்னாரா?”

“பொய் சொல்லல. அதுக்காக உண்மைன்னு எழுதிடுறதா?”

“பொய் இல்லாட்டி உண்மைதான். இந்தப் பாடத்துல மூணாவது கிடையாது.”

ஜொய்சிக்கு அழுகை முட்டியது. மண்டையில் ஒன்றும் ஏறாததற்குப் பாடம் மட்டும் காரணமில்லை. அப்பா றோலண்ட் மஸ்கெலியாப் பக்கத் தோட்டத்து லயத்து வீட்டில் ஒரு மாதமாகப் படுத்த படுக்கை. நேற்று அவளைப் பரீட்சைக்கு விரட்டியதே அவர்தான். “பயப்படாம எழுது” என்று அவர் வாயால் இன்னொரு தடவை கேட்டுவிட்டால் போதும், எப்படியாவது எழுதிவிடுவாள்.

காலையிலிருந்து அடித்து அடித்து, ஒருவழியாக அண்ணன் ஜூட் போனை எடுத்தான்.

“அப்பாகிட்ட குடுண்ணே.”

“கண்ண மூடிப் படுத்திருக்காரு.” “அப்பா முழிச்சா ஒடனே ஒன்னோட பேச வைக்கிறேன்.”

பின்னால் ஒரே ஆள் சத்தம். “என்னண்ணே, வீட்டுல இவ்வளவு பேரு?”

“இன்னைக்கு லயத்துல ஒருத்தரும் மலைக்குப் போகல. நீ படி.” வைத்துவிட்டான்.

கொட்டுகிற மழையிலும் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்றால், மறுபடியும் சம்பளப் போராட்டமாக்கும் என்று ஜொய்சி நினைத்துக்கொண்டாள். தோட்டத்தில் அதற்கா பஞ்சம்.

அதற்குப் பிறகு போன் வாயே திறக்கவில்லை. பரீட்சை மண்டப வாசலில் நின்ற மேற்பார்வையாளர் போனை ஒப்படைக்கச் சொன்னார். “ரெண்டு நிமிஷம் சேர், வீட்டுலருந்து ஒரு கோல் வரணும்,” என்று ஜொய்சி கெஞ்சினாள். அவர் பாவம், கொடுத்தார். மாதாவே மாதாவே என்று அவள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அதுவும் கரைந்துபோனது.

வினாத்தாளில் அதே அட்டவணை வந்திருந்தது. மற்ற வரிசைகளை எப்படியோ நிரப்பினாள், கடைசி வரிசையில் பேனா ஓடவில்லை. மஃறூப் நானாவின் குடையை நினைத்துக்கொண்டு, புரியாமலேயே ‘உண்மை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வெளியே ஜூட் ஆட்டோவோடு நின்றான். அவள் பையை வாங்கிக்கொண்டான்.

“எழுதிட்டேண்ணே. இந்தத் தடவை பாஸாயிடுவேன்.” சொன்ன பிறகுதான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பேச வைக்கிறேன்னு சொல்லிட்டு ஏமாத்திட்டியே. எவ்வளவு நேரம் போனையே பாத்துக்கிட்டு நின்னேன் தெரியுமா? எதுக்குண்ணே பொய் சொன்ன?”

ஜூட் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“பொய் சொல்லல, தங்கச்சி. முழிச்சா பேச வைக்கிறேன்னுதான் சொன்னேன்.”