மோர்

எங்கள் துணிக்கடைக் கழிப்பறை இப்போது சிறுநீரைச் சோதிக்கிறது. கிருமி தென்பட்டால் சிவப்பு விளக்கு எரியும். உள்ளே போனவரின் வருகைப் பதிவு தானாக நின்றுவிடும். குணமாகும்வரை சம்பளமில்லாமல் வீட்டில் ஓய்வு. எல்லாம் எங்கள் நன்மைக்காம்.

எனக்கு இரண்டு முறை பதிவு நின்றது. மாத்திரை முடிந்ததும் மறுபடி எரிச்சல்.

"மருந்து வந்தா கிருமி மூத்திரப்பை சுவருக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும்மா. டெஸ்ட்ல தெரியாது. மருந்து நின்னதும் வெளிய வரும்" என்றார் டாக்டர். "நிறைய தண்ணி குடிங்க. அடக்காதீங்க."

நாங்களும் ஒளியக் கற்றுக்கொண்டோம். சேலைப் பிரிவில் யாரும் பகலில் கழிப்பறைக்குப் போவதில்லை. அதனால் தண்ணீரும் குடிப்பதில்லை. புதிதாக வந்த ஜெயராணி பாட்டிலைத் திறந்தபோது நான்தான் பிடுங்கி வைத்தேன்.

நேற்று மேனேஜர் மாடிக்கு வந்தார்.

"இந்த ஃப்ளோர்ல மூணு மாசமா ஒருத்தருக்கும் இன்ஃபெக்‌ஷன் இல்ல. ரொம்ப சந்தோஷம்" என்று ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுக்கச் சொன்னார். வெளியே மே மாத வெயில். எல்லோரும் உதட்டை நனைத்துக்கொண்டு சிரித்தோம்.

அவர் நகர்ந்ததும் மிச்ச மோரையெல்லாம் ஒரு ஜக்கில் சேர்த்து, கழிப்பறையில் கொண்டுபோய் ஊற்றினேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மோரிலும் கிருமி உண்டு என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"உடம்பப் பாத்துக்கங்க வசந்தா" என்று மேனேஜர் அனுப்பிவைத்தார். மோர் என்று எப்படிச் சொல்வது?

பஸ் ஸ்டாப்பில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினேன். பட்டப்பகலில், கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.